இடம் வந்துவிட்டது

ஆவாரங்குழிக்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ சொல்வார்கள். அதில் ஒன்று மட்டும் நிஜம். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிறவர்கள். ஒரு முறை பாத்திர வியாபாரி ஒருவர், "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போனார். அவர் சொல் பொய்யாகிவிடக் கூடாதே என்று, திரும்பி வரும்வரை ஒரு தெருவே கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

அந்தத் தெருவில்தான் சிகாமணி மைக் செட் வாடகைக்கு விடுகிறான். வயது முப்பத்து நாலு. இரண்டு மாதத்துக்கு முன்பு தரகர் சங்கரலிங்கம் கடைக்கு வந்து, "தம்பி, உங்களுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கு" என்றார்.

சிகாமணி கையிலிருந்த ஒயரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "எங்கேங்க நிக்குது?"

"திண்டுக்கல்ல."

"அங்கேயே நின்னுடுச்சா? இங்க வராதா?"

"நீங்க சரின்னா வரும்."

"சரி."

இப்படியாகச் சம்பந்தம் முடிவானது. பெண் பெயர் பூங்கோதை. படித்தவள், நிதானமாகப் பேசுகிறவள். அவளுக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு இருந்தது. ஜியோகேச்சிங்.

"புதையல் விளையாட்டு மாதிரிங்க" என்று போனில் விளக்கினாள். "ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளிச்சு வெச்சுட்டு, அந்த இடத்தை ஆப்ல பதிஞ்சுடுவாங்க. மத்தவங்க போனைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடிக்கணும். டப்பாவுக்குள்ள ஒரு நோட்டு இருக்கும், அதுல பேர் எழுதணும். உள்ள இருக்கிற பொருளை எடுத்தா, அதே மதிப்புல ஒண்ணை வைக்கணும். டப்பாவை இருந்த இடத்துலயே திரும்ப வெச்சுடணும். நீங்க விளையாடியிருக்கீங்களா?"

சிகாமணி அதுவரை தேடிய ஒரே பொருள் அவனுடைய இடது கால் செருப்பு. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "எனக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடுங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. மூணு ஆப் இருக்கு. பச்சை, சிவப்பு, நீலம். எது நல்லதுன்னு பார்த்து வைங்க. போன்ல லைட்டா இருக்கணும். பேட்டரியைக் குடிக்கக் கூடாது. முக்கியமா, நெட் இல்லாட்டியும் வேலை செய்யணும். ஞாயித்துக்கிழமை நிச்சயத்துக்கு வரும்போது சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குப் பொய் சொல்றவங்களை மட்டும் ஆகவே ஆகாது" என்றும் சொன்னாள்.

ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பெண் வீட்டார் வந்து இறங்குவார்கள். அதற்குள் பொய்யை உண்மையாக்கியாக வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே மளிகைக் கடை மூக்கையன் அண்ணனையும், சிநேகிதன் லூர்துவையும் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னான். மூக்கையன் ஊரில் யோசிக்கத் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர். யோசிக்கும்போது காதைப் பிடித்துக்கொள்வார். லூர்துவுக்கு ஒரு மொபட் உண்டு, கல்யாணம் ஆகவில்லை. ஆளுக்கொரு ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டார்கள். மூக்கையனுக்குப் பச்சை, லூர்துவுக்குச் சிவப்பு, சிகாமணிக்குத் தமிழில் பேசும் நீலம்.

"முதல்ல லைட்டா இருக்கான்னு பார்ப்போம்" என்று மூக்கையன் மூன்று போன்களையும் கடைத் தராசில் நிறுத்தார். ஆப்பை அழித்துவிட்டு நிறுத்தார். ஏற்றிவிட்டு நிறுத்தார். சிவப்பு ஆப் நாலு கிராம் கூட இருந்தது. போனுக்குப் பின்னால் ஒட்டியிருந்த புளியை எடுத்ததும் சரியாகிவிட்டது.

அடுத்தது, பேட்டரியைக் குடிக்கிறதா என்ற சோதனை. ஒவ்வொரு போனுக்கு முன்னாலும் ஒரு டார்ச் லைட் பேட்டரியை நிறுத்தி வைத்துவிட்டு, அரை மணி நேரம் கண் கொட்டாமல் காவல் இருந்தார்கள். எந்தப் போனும் பக்கத்தில்கூட வரவில்லை.

"நல்ல வளர்ப்பு" என்றார் மூக்கையன்.

நெட் விஷயம்தான் கொஞ்சம் வேலை வாங்கியது. பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபால் நெட் இறுக்கிக் கட்டியிருந்தது. மூன்று பேருமாக முடிச்சை அவிழ்த்து, நெட்டைச் சுருட்டி, வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து போனைப் பார்த்தார்கள். நெட் இல்லாமலே மூன்றும் வேலை செய்தன.

"மூணும் சமமா நிக்குதேடா" என்று மூக்கையன் காதைப் பிடித்தார். "இனி நிஜமாவே ஒரு டப்பாவை ஒளிச்சுத் தேடிப் பார்த்தாத்தான் முடிவு தெரியும்."

லூர்து எவர்சில்வர் சம்படம் ஒன்று கொண்டுவந்தான். உள்ளே நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் சிகாமணி, ‘தெ. சிகாமணி, மைக் செட், ஆவாரங்குழி’ என்று அழகாக எழுதினான்.

"பொருள்னு ஒண்ணு வேணுமே" என்றான் லூர்து. "ஒரு வாழைப்பழம் வைப்பமா?"

"வாழைப்பழத்தை எவன்டா உயிரைக் குடுத்துத் தேடுவான்? காணாமப் போனா நெஞ்சு பதறணும். அப்பத்தான் தேடுற கை வரும்."

இரண்டு பேரும் சிகாமணியின் சட்டைப் பையைப் பார்த்தார்கள். அதில்தான் நிச்சய மோதிரம் இருந்தது.

வேப்பமரத்தடியில் ஊர் மினி பஸ் எட்டு நாளாகப் பழுதாகி நின்றது. எட்டு நாள் அசையாதது இனி எங்கே அசையப் போகிறது என்று மூக்கையன் கணித்தார். பஸ்ஸின் கடைசி சீட்டுக்கடியில் சம்படத்தைக் கயிறு போட்டுக் கட்டி, மூன்று ஆப்பிலும் இடத்தைப் பதிந்தார்கள்.

"சரி, தேடலாமா?" என்றான் சிகாமணி.

"இரு. எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே தேடுறது ஏமாத்து. முதல்ல மறக்கணும்."

நியாயமாகத்தான் பட்டது. கடையில் உட்கார்ந்து மூன்று பேரும் கண்ணை மூடி மறந்தார்கள்.

"மறந்துட்டியாடா?" என்று கேட்டார் மூக்கையன்.

"மறந்துட்டேண்ணே" என்றான் லூர்து.

"எதை?"

"பஸ் சீட்டுக்கடியில சம்படத்தைக் கட்டினதை."

"அடப்பாவி! நான் இப்பத்தான் கஷ்டப்பட்டு மறந்தேன், ஞாபகப்படுத்திட்டியே!"

மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகுதான் சுத்தமாக மறந்தது. அப்போது மணி மூன்று.

சிவப்பு ஆப்பைத் திறந்ததுமே அது ஒரு கட்டளை போட்டது: ‘திசைகாட்டியைச் சரிசெய்ய, எட்டு போடவும்.’

லூர்துவின் முகம் வெளிறியது. டிரைவிங் லைசென்ஸுக்குப் போய் மூன்று தடவை எட்டு போட முடியாமல் காலை ஊன்றித் திரும்பியவன் அவன். "இதுலயுமா?" என்று முனகிக்கொண்டே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மொபட்டை மைதானத்துக்கு விட்டான். நாலாவது முயற்சியில் கால் ஊன்றாமல் எட்டு விழுந்தது. எடுத்துப் பார்த்தால் திசைகாட்டி சரியாகியிருந்தது. சிகாமணி கைதட்டினான். மூக்கையன், "இப்ப போய் லைசென்ஸ் கேளு, குடுப்பாங்க" என்றார்.

மூன்று போன்களும் மூன்று பேரையும் ஒரே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயின. வேப்பமரம். அதன் கீழே வெறும் தரை, நாலு டயர்த் தடம், கொஞ்சம் ஆயில்.

சிகாமணியின் போன் இனிமையாகச் சொன்னது: "உங்கள் இடம் வந்துவிட்டது."

"இங்க என்னமோ குறையுதே" என்றான் லூர்து.

"என்ன குறையுது?"

"அதைத்தான் மறந்துட்டமே."

சிகாமணி போனில் நேரத்தைப் பார்த்தான். மணி மூன்றே கால். மோதிரம் இல்லாமல் மணையில் எப்படி உட்காருவது? தண்ணி பட்ட பாடு என்று சொன்னவன், தான் ஒளித்ததையே தொலைத்துவிட்டான் என்றால் அவள் என்ன நினைப்பாள்? தரையைத் தடவிப் பார்த்தான். மரத்தைத் தட்டிப் பார்த்தான். போன் மறுபடி, "உங்கள் இடம் வந்துவிட்டது" என்றது.

"பொய் சொல்லுதுண்ணே" என்றான் அழாத குறையாக.

மூக்கையன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய யோசனை. "அவசரப்படாதே. போன் என்ன சொல்லுது? நாம இடத்துக்கு வந்துட்டோம்னா சொல்லுது? இடம் வந்துடுச்சுன்னு சொல்லுது. அப்ப யார் வர்றது?"

"இடம்" என்றான் லூர்து.

"பஸ்ல கண்டக்டர் என்ன சொல்றார்? 'உங்க இடம் வந்துடுச்சு, இறங்குங்க'ங்கிறார். நாம சீட்டுலதான உக்காந்திருக்கோம்? இடம்தான வந்து நிக்குது?"

சிகாமணிக்கு எங்கோ வெளிச்சம் அடித்தது. "அப்ப நாம செய்ய வேண்டியது..."

"இறங்கணும்."

"எதுலேர்ந்துண்ணே?"

அதுதான் சிக்கல். அவர்கள் எதிலும் ஏறியிருக்கவில்லை. ஏறாதவன் எப்படி இறங்குவது? வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. தண்ணீர்க் குழாய் மேடையில் ஏறி இறங்கினார்கள். ஒரு நாய் மட்டும் வந்தது.

"உயரம் பத்தலை" என்று தீர்ப்புச் சொன்னார் மூக்கையன்.

ஆக, மாலை நாலு மணிக்கு ஆவாரங்குழியில் பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை ஒருவனும் அவனுடைய சிநேகிதர்கள் இருவரும் வேப்பமரத்தின் மேல் கிளையில் வரிசையாக உட்கார்ந்து, இடம் வருகிறதா என்று திண்டுக்கல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தது. புழுதி கிளப்பிக்கொண்டு ஊர் மினி பஸ் வந்தது. இவர்கள் கடையில் கண்ணை மூடி மறந்துகொண்டிருந்தபோதே டிரைவர் காசிம் அண்ணன் கியரைச் சரிபண்ணி, பெண் வீட்டாரை அழைத்துவர ஸ்பெஷலாக எடுத்துப் போயிருந்தார். எட்டு நாளாக நின்ற அதே இடத்தில், அதே டயர்த் தடத்தின்மேல் பஸ் வந்து நின்றது.

"உங்கள் இடம் வந்துவிட்டது" என்றது நீல ஆப்.

பஸ்ஸிலிருந்து குதித்த தரகர் சங்கரலிங்கம், "மாப்பிள்ளை எங்கே? இடம் வந்தாச்சு!" என்று கத்தினார்.

"கேட்டியாடா?" என்றார் மூக்கையன். "ரெண்டு சாட்சி."

மூவரும் இறங்கினார்கள். பஸ்ஸைக் கண்டதும் சிகாமணிக்கு மறந்ததெல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்துவிட்டது. கைகூப்பி நின்ற மாமனாரைத் தாண்டிக்கொண்டு பஸ்ஸுக்குள் பாய்ந்தான். தட்டு ஏந்திய பெரியம்மாக்கள் ஒதுங்கினார்கள். கடைசி சீட்டுக்கடியில் தலையை விட்டுத் துழாவினான். பட்டு வேட்டியெல்லாம் கிரீஸ். சம்படம் கிடைத்தது. நிமிர்ந்தால், சீட்டில் பூங்கோதை.

"கும்பிடுறேனுங்க" என்றான், சம்படத்தோடு.

"தலைமுடியில வேப்பிலை இருக்கு" என்றாள் அவள்.

பொய் இனி நிற்காது என்று தெரிந்துவிட்டது. "எனக்கு இந்த விளையாட்டே தெரியாதுங்க. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். இன்னைக்குத்தான் முதல் தடவை. பஸ்ல போய் ஒளிச்சு வெச்சுட்டேன். அதுக்குள்ள உங்க மோதிரம்..." என்று மூடியைத் திறந்தான். உள்ளே இருந்தது அவன் வைத்த மோதிரம் இல்லை. அதைவிடப் பெரிய, ஆண் மோதிரம். நோட்டில் அவன் பெயருக்குக் கீழே, ‘ப. பூங்கோதை, திண்டுக்கல். கண்டுபிடித்த நேரம் 3.20’ என்று எழுதியிருந்தது.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவனுடைய மோதிரம் அவள் விரலில் மின்னியது. "வழியெல்லாம் கால்ல இடிச்சுக்கிட்டே வந்துச்சு. குனிஞ்சு பார்த்தேன். எடுத்தா அதே மதிப்புல வைக்கணுமே, உங்களுக்குப் போட வெச்சிருந்ததை வெச்சுட்டேன்." அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எட்டு வருஷமா நான் டப்பாவைத் தேடிப் போயிருக்கேன். என் காலைத் தேடி வந்த டப்பா இதுதாங்க. பொய்யை நீங்களே சொல்லிட்டீங்க, போகட்டும். எந்த ஆப் நல்லது? அதைச் சொல்லுங்க."

சிகாமணி வாயைத் திறப்பதற்குள் மூக்கையன் ஜன்னல் வழியாகத் தலையை விட்டார். "நீலம்தாம்மா. மத்த ரெண்டும் நம்மளை நடக்க விட்டுச்சு. இது இடத்தையே கூட்டிட்டு வந்துடுச்சு."

நிச்சயம் சிறப்பாக நடந்தது. மோதிரம் மாற்றும் நேரத்தில் மாற்றுவதற்கு ஒன்றும் மீதி இல்லாததால், ஐந்து நிமிஷம் முன்னதாகவே பந்தி போட்டார்கள். விதிப்படி சம்படத்தை இருந்த இடத்திலேயே கட்டினார்கள். ஆண் மோதிரத்தை எடுத்ததற்கு ஈடாகச் சிகாமணி அதில் என்ன வைத்தான் என்பது பூங்கோதைக்கு மட்டும்தான் தெரியும். அவனுடைய செருப்புகளில் இடது காலைக் காணவில்லை.

மறுநாள் காலை சிகாமணி வேப்பமரத்தைக் கடந்து போகும்போது மேலே யாரோ இருமினார்கள். பார்த்தால் லூர்து. தலை வாரி, பவுடர் போட்டு, கையில் நீல ஆப்போடு கிளையில் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா பண்ற?"

"உனக்கு ஒரே நாள்ல இடம் வந்துச்சுல்ல மாப்ளே. எனக்கும் வரட்டும். வந்ததும் இறங்கறேன்."

சொல்லி முடிக்கவில்லை, ஒரு கேஸ் சிலிண்டர் வண்டி வந்து சரியாக மரத்தடியில் நின்றது. "உங்கள் இடம் வந்துவிட்டது" என்றது போன். லூர்து சரசரவென்று இறங்கி, மீசைக்கார டிரைவரை மாமா முறையாகக் கும்பிட்டான்.

"உங்களுக்குத்தானா? எத்தனை வேணும்?" என்றார் டிரைவர்.

"ஒண்ணு போதுங்க" என்று லூர்து தலை குனிந்தான்.

"அப்ப பழசைக் கொண்டா."

"சத்தியமா பழசெல்லாம் கிடையாதுங்க. இதுதான் முதல் தடவை."

"ஓ, புதுசா? அதுக்கு ஆபீசுக்கு நேர்ல வரணும். ஆதார், ரெண்டு போட்டோ குடுத்து ரிஜிஸ்டர் பண்ணிக்கணும்."

வண்டி போய்விட்டது. லூர்து கண் கலங்க, சிகாமணியின் கையைப் பிடித்துக்கொண்டான். "ரிஜிஸ்டர் கல்யாணம்தானாம் மாப்ளே. ஆனா மைக் செட்டு நீதான் வைக்கணும்."