தொள்ளாயிரத்து எண்பத்து நாலு டிகிரி காய்ச்சல்

எங்கள் கொட்டாங்குளம் ஆஸ்பத்திரியில் மூன்று நர்ஸுகள். மூவரையும் சேர்த்துப் பிழிந்தால் அரை நர்ஸ் தேறும் என்று தலைமை நர்ஸ் ஜெபமணியே சொல்வார். அந்த அரையில் தன் பங்கு எவ்வளவு என்று மட்டும் சொன்னதில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒருநாள் கம்ப்யூட்டர் வந்தது. இனிமேல் நோயாளியின் காய்ச்சல், எடை எல்லாம் அதில்தான் ஏற்ற வேண்டும். சொல்லிக்கொடுக்க வந்த அதிகாரிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மூன்றே விஷயம் சொன்னார்.

"கட்டத்துல நம்பரை மட்டும் அடிங்க, வேற எதையும் அடிக்காதீங்க. ஸ்கிரீன் சொல்றதை நம்புங்க. சிவப்பு வந்தா, பச்சையாகுற வரைக்கும் ஆளை வெளிய விடாதீங்க."

ஜெபமணி மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அழிந்துவிடுமே என்று அன்று முழுக்கக் கை கழுவவில்லை.

மறுநாள் காலை பூலுடையார் என்ற நோயாளி தன் வீட்டுக்குப் போக வேண்டும். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து தேறிவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்ற அவர் போயே ஆக வேண்டும்.

நர்ஸ் இசக்கியப்பன் தெர்மாமீட்டரைப் பார்த்து 98.4 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தான். அடிக்கப் போன ஜெபமணி நின்றார்.

"ஏ இசக்கி, இடையில புள்ளி இருக்கே. புள்ளி நம்பரா?"

இசக்கி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "இல்ல சிஸ்டர். ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் எண்ணிட்டேன், எங்கயும் புள்ளி வரல."

புள்ளியை விட்டுவிட்டு ஜெபமணி 984 என்று அடித்தார். ஸ்கிரீன் சிவந்தது.

"தொள்ளாயிரத்து எண்பத்து நாலா!" மூன்றாவது நர்ஸ் தாயம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "மெத்தை எப்படித் தீப்பிடிக்காம கிடக்கு?"

"எனக்குக் காய்ச்சலே இல்லம்மா," என்றார் பூலுடையார்.

"முத்திப்போனா அப்படித்தான் அண்ணாச்சி, தெரியாது," என்று ஜெபமணி அன்பாகச் சொன்னார்.

மீன் கடையிலிருந்து ஐஸ் வந்தது. அவரைத் தலை முதல் கால் வரை ஐஸில் புதைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் 97.1. ஸ்கிரீனில் 971.

"பதிமூணு டிகிரி இறங்கிருச்சு!" என்று தாயம்மாள் குதித்தாள்.

இசக்கி கணக்குப் போட்டான். "இந்த வேகத்துல பச்சைக்கு வர மூணு நாளாகும் சிஸ்டர்."

பூலுடையார் வாய்விட்டு அழுதார். பெற்ற மனம் அல்லவா! அதைப் பார்த்து ஜெபமணிக்கும் கண் கலங்கியது. இன்னும் ரெண்டு கூடை ஐஸ் கொண்டுவரச் சொன்னார்.

மூணு மணிக்கு, பல்லெல்லாம் தந்தியடிக்க, பூலுடையாருக்கு நிஜமாகவே காய்ச்சல் தொடங்கியது. பாதரசம் சரியாக 99இல் நின்றது. ஜெபமணி 99 என்று அடித்தார். ஸ்கிரீன் பச்சையானது.

"நம்மளைப் போய் முட்டாளுங்கன்னு சொல்றாங்களே, இசக்கி."

"நாமதான சிஸ்டர் சொல்லிக்கிறோம்?"

புறப்படும் முன் எடை ஒன்றுதான் பாக்கி. 61.5 கிலோ. ஸ்கிரீனில் 615. நல்லவேளை, எடைக் கட்டத்துக்கு நிறம் கிடையாது. ஆனால் வாசலில் நின்ற ஆட்டோவை ஜெபமணி உடனே திருப்பி அனுப்பினார், அது நசுங்கினால் யார் பதில் சொல்வது? மணல் லாரி வந்தது. தூக்கிவிட எட்டு சுமைதூக்கிகளும் வந்தார்கள். நேரமாகிறதே என்று பூலுடையார் தானாகவே தாவி ஏறிவிட்டார்.

"அவ்வளவு எடையை அவரே தூக்கிட்டாரே!" என்று எட்டுப் பேரும் கும்பிட்டார்கள்.

சரியாக நாலு மணிக்கு லாரி மண்டபத்து வாசலில் நின்றது. மணல் ஒட்டிய வேட்டியோடு நடுங்கிக்கொண்டே இறங்கியவரைப் பார்த்துச் சம்பந்தி முகம் சுளித்தார். லாரியில் கூடவே வந்த ஜெபமணி ஓடிப்போய்ச் சம்பந்தி காதில் விஷயத்தைச் சொன்னார்.

"அறுநூத்துப் பதினஞ்சு கிலோவா?"

"கம்ப்யூட்டரே சொல்லுதுய்யா."

சம்பந்தி பூலுடையாரை மேலும் கீழும் பார்த்தார். நிச்சயம் நின்றுபோய்விடுமோ என்று பூலுடையார் அவசரமாக வேட்டியின் மணலைத் தட்டினார்.

சம்பந்தி சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"ஏ, பந்தியை நிறுத்துங்கப்பா! முதல்ல இன்னும் ரெண்டு மூட்டை அரிசி உலையில போடுங்க, பொண்ணோட அப்பா வந்துட்டாரு!"