நான்காம் வருடத்து இடது ஓட்டம்

மூன்று வருடம் ஜெயித்தவனுக்கு நான்காம் வருடம் தோல்வி வந்தால் முதலில் எழும் சந்தேகம், யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்பதுதான். பெத்தலீசும் அதற்கு விலக்கல்ல.

மேலத்துறை என்ற கடற்கரை ஊரின் கால்பந்து அணிக்கு அவன் ஒன்பது வருடமாகப் பயிற்சியாளன். ஊரில் அவனுக்கு இருந்த மரியாதை ஒரே ஒரு வித்தையால் வந்தது. இடது பக்கம் பின்னால் நின்று தடுக்க வேண்டிய செல்ஜின், திடீரென்று கோட்டை ஒட்டி முன்னால் பாய்வான். எதிரணி விழித்துக்கொள்வதற்குள் பந்து கோல் வாசலில் வந்து விழும். ஊர்க்காரர்கள் அதற்கு இடது ஓட்டம் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த வருடம் அது பலிக்கவில்லை. செல்ஜின் கிளம்பும் முன்பே அவன் பாதையில் இரண்டு பேர் நின்றார்கள். அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள் கைவிட்டுப் போயின. திருவிழாக் கோப்பையில் மட்டும் தட்டுத்தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். எதிரே கீழத்துறை. அதிலும் தோற்றால் வெளியூரிலிருந்து வேறு பயிற்சியாளனைக் கொண்டுவருவதென்று கிளப் கமிட்டி முடிவு செய்திருந்தது. பெத்தலீசுக்குச் சோறு இறங்கவில்லை. பந்தைப் பிடுங்கிவிட்டால் தன்னிடம் வேறு என்ன மிஞ்சும் என்று அவனுக்கே தெரியவில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவே ஓர் ஓடைதான். பாதி வீடுகளில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. ஆகவே பெத்தலீஸ் ஒரு சட்டம் போட்டான். ஆட்டம் முடியும் வரை எவனும் கீழத்துறையில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகக் கூடாது, மைத்துனனோடு போனில் பேசக் கூடாது. ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சட்டம் அவன் வீட்டுக்கும் உண்டு. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கீழத்துறைக்குக் கிளம்பிய மனைவி ஜெனோபாவை வாசலில் மறித்தான்.

"எங்கம்மைக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமாக்கும்?" என்றாள் ஜெனோபா. பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் பெத்தலீஸ் ஆசானைத் தேடிப் போனான்.

ஆசானின் பெயர் வியாகுலம். துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை. பெத்தலீசுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முழங்கால் போன பிறகு மைதானத்தில் இறங்குவதில்லை. பேச்சும் கொஞ்சம்தான்.

"ஆசானே, புதுசா ஒரு வித்தை சொல்லித் தாங்க."

"பழசுக்கு என்ன வந்துச்சு?"

"எல்லாவனும் தெரிஞ்சு வச்சிருக்கான். யாரோ சொல்லிக் குடுத்திருக்கான்."

"யாரு?"

"அதுதான் தெரியல்ல. கட்டினவளயே சந்தேகப்பட்டாச்சு."

ஆசான் ஐஸ் உடைக்கும் மெஷினை நிறுத்தினார். காலி மீன் பெட்டிகள் இரண்டைக் காலால் தள்ளிக்கொண்டுபோய் மதில் ஓரமாகப் போட்டார். வாட்ச்மேன் அறையில் கிடந்த பழைய பந்தை எடுத்து வந்து பெத்தலீசின் காலடியில் உருட்டிவிட்டு, பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றார்.

"அடி."

பெத்தலீஸ் இடது பக்கம் அடித்தான். கோல். ஆசான் அசையவில்லை.

"இன்னொண்ணு."

மறுபடியும் இடது பக்கம். மறுபடியும் கோல்.

மூன்றாவது உதைக்கு முன்னால் ஆசான் நொண்டியபடி அந்தப் பக்கமாக ஓர் அடி நகர்ந்தார். பெத்தலீஸ் வலது பக்கம் அடித்தான். கோல்.

"ஏன் மாத்தின?"

"நீங்க நவுந்தீங்க. இந்தப் பக்கம் காலியாச்சு."

நான்காவதற்கு ஆசான் இரண்டு அடி நகர்ந்தார். வலது பக்கம் ஒரு மாட்டு வண்டியே போகலாம். ஆசானுக்கு வயசாகிவிட்டது என்று பெத்தலீஸ் மனசுக்குள் வருத்தப்பட்டான். வருத்தத்தோடு வலது பக்கம் அடித்தான். பந்து அவன் காலை விட்டுக் கிளம்பும்போதே ஆசான் வலது பக்கம் விழுந்துகொண்டிருந்தார். அவர் நெஞ்சில் பட்டுப் பந்து திரும்பி வந்தது.

முழங்காலைப் பிடித்தபடி மெல்ல எழுந்தார்.

"அந்தப் பக்கம் காலியால்லா கிடந்தது ஆசானே!"

"கிடந்தது. காலியாக்கினது யாரு?"

பெத்தலீஸ் மதிலைப் பார்த்தான். பெட்டிகளைப் பார்த்தான்.

"நீங்க."

"சரி, போ. லாரி வரப்போவுது."

மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதற்குமேல் கேட்டாலும் காதில் விழாது.

திரும்பி வரும் வழியில் பெத்தலீஸ் ஓடைப் பாலத்தில் நின்று ஜெனோபாவுக்குப் போன் செய்தான். எடுத்தாள்.

"அம்மைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"குறஞ்சிருக்கு" என்றாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. மாமியார் வீட்டுச் சட்டத்தை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். செல்ஜின் வழக்கம்போல இடது பக்கம் ஓடினான். வழக்கம்போல இரண்டு பேர் அவனோடு ஓடினார்கள். பந்து மட்டும் வலது பக்கம் போயிற்று. அங்கே ஆளே இல்லை. இருபதாவது நிமிடத்தில் மேலத்துறைக்கு ஒரு கோல்.

கீழத்துறைப் பயிற்சியாளன் கிளீட்டஸ் லேசுப்பட்டவன் அல்ல. தலையைச் சொறிந்துகொண்டு ஐந்து நிமிடம் பார்த்தான். பிறகு இரண்டு விரலை மடக்கி ஒரு விசில் அடித்தான். வலது பக்கம் அடைபட்டது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கீழத்துறையும் ஒரு கோல் போட்டுவிட்டது.

பெத்தலீஸ் கேலரியைப் பார்த்தான். ஆசான் பக்கத்தில் இருந்தவரிடம் தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெத்தலீசுக்குக் கோபம்கூட வந்தது. வேறு வழியில்லாமல் தன் ஆட்டக்காரர்களிடம் திரும்பினான்.

"வலதுக்கு ஆள எங்கேருந்து எடுத்தான்?"

ஒன்பது வருடத்தில் அவன் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"நடுவுலேருந்து" என்றான் கோல் கீப்பர். "நான் பின்னால நின்னு பாத்தேன் அண்ணா."

பின்பாதியில் நடுவே புகுந்தார்கள். இரண்டு தடவை பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கிளீட்டஸ் மறுபடியும் விசில் அடித்தான். செல்ஜினை மறித்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவன் நடுவுக்கு ஓடினான். நடுவும் அடைபட்டது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். திடீரென்று வலது பக்கம் ஓவென்று திறந்து கிடந்தது. கேலரியில் ஊரே எழுந்து நின்று "வலது! வலது!" என்று கத்தியது. பெத்தலீசும் கத்த வாயைத் திறந்தான். அப்படியே மூடிக்கொண்டான். வலது பக்கம் காவல் நின்ற கீழத்துறைக்காரன் பத்தடி தள்ளி நின்றாலும், அவன் பாதம் இரண்டும் அந்தக் காலியிடத்தைப் பார்த்தே திரும்பியிருந்தன.

"செல்ஜினே, ஓடுடே!"

இடது பக்கம் இப்போது ஒருவன்தான். அவனால் செல்ஜினின் காற்றைக்கூடத் தொட முடியவில்லை. பந்து கோல் வாசலில் வந்து விழுந்தது. முன்வரிசை ஆட்டக்காரன் ஷைஜு அதைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினான்.

அதற்குப் பிறகு பெத்தலீசின் கால் தரையில் படவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். கமிட்டித் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறக்கிவிட்டதும் பெத்தலீஸ் நேரே கேலரிக்கு ஓடினான்.

அங்கே அவனுக்கு முன்பே ஒருவன் வந்திருந்தான். கிளீட்டஸ் மணலில் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஆசான் அந்தக் குச்சியை வாங்கி, ஒரு கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போட்டார். கிளீட்டஸ் உற்றுப் பார்த்தான். தலையாட்டினான். எழுந்து பெத்தலீசின் கையைக் குலுக்கிவிட்டு, யோசித்தபடியே நடந்து போனான்.

பெத்தலீஸ் மணலில் கிடந்த கோடுகளைப் பார்த்தான்.

"அவனுக்கா சொல்லிக் குடுக்கிய ஆசானே?"

"கேட்டான். சொன்னேன்."

"போன வருசமும் கேட்டானோ?"

"கேட்டான்."

"இடது ஓட்டத்த எப்படி மறிக்கதுன்னா?"

"ஆமா."

கோப்பையை வாங்கக் கூப்பிடும் சத்தம் மைக்கில் கேட்டது. பெத்தலீஸ் நகரவில்லை.

"ஊருல ஒருத்தர் விடாம சந்தேகப்பட்டேன். உங்கள நினைக்கவே இல்ல. நான் உங்க சிஷ்யன் இல்லியா?"

ஆசான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தூரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்த கிளீட்டசைக் கையால் காட்டினார்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உனக்கு எப்பமோ சொல்லித் தீந்துபோச்சு மக்கா. மூணு வருசமா நீ புதுசா ஒண்ணும் படிக்கல்ல. அதனாலதான் உனக்கு வேற ஆசான் பாத்து வச்சேன்."