ஏகாம்பரம் கேட்ட ஒரே ஒரு ஆள்

கம்ப்யூட்டரில் வாத்தியம் வாசிக்கும் ப்ளக்இன்களை விற்கும் கம்பெனிக்கு ஏகாம்பரம்தான் முதலாளி. வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் தெய்வானையிடம் ஒருநாள் சீறினார்.

"நம்ம ப்ளக்இன்களோட பழைய ஃபார்மட்டை இன்னைக்கே தூக்கணும்! அதை எவன் பயன்படுத்துறான்? ஒரே ஒரு ஆளைக் காட்டு, விட்டுடறேன்."

"சரிங்க சார், உங்க கம்ப்யூட்டர்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன்" என்று அதிலிருந்த பழைய ஃபார்மட் ப்ளக்இன்களை அங்கேயே அழித்தாள். "அப்படியே, நீங்க கம்ப்யூட்டர்லயே இசையமைச்சு விருது வாங்கின பாட்டோட ஒரிஜினல் ஃபைலைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

பெருமை பொங்கப் போட்டார். தவில் மட்டும் தனியாக முழங்கியது. ஸ்பீக்கரைத் தட்டினார், வயரைப் பிடுங்கிச் செருகினார், காதைக்கூடக் குடைந்து பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

"என் நாதஸ்வரம் எங்கேம்மா போச்சு?"

"அதை வாசிச்சது பழைய ஃபார்மட் ப்ளக்இன் சார், அழிச்சதும் கூடவே போயிடுச்சு. நீங்க கேட்ட ஆளு என் எதிர்லதான் நிக்கிறாரு."