ஒடித்தாலும் விடாத பட்டை

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. வாய்க்கு ஓய்வுதான் இல்லை. சீன தேசத்து மலை ஒன்றில் டூசோங் என்றொரு மரம் நின்றது. அதன் பட்டையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் இடுப்புப் பிடிப்பு விடும், முழங்கால் வலி போகும். அதில் மரத்துக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் பட்டை அப்போது பொரித்த அப்பளம் மாதிரி, தொட்டாலே ஒடியும்.

மலைக்குக் கீழே ஆறு. நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பவன் பெங். ஒருநாள் இழுக்கும்போதே முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்தவன் குனிந்தவன்தான். அடுத்த படகு வருவதற்குள் நிமிராவிட்டால் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

எலும்பு கட்டும் வைத்தியச்சி சுன்லான் முதுகை அமுக்கிப் பார்த்தாள். "எலும்பு நகரலை, தம்பி. தசைதான் இறுகிக் கிடக்கு. நாளைக்கு நானே பட்டை கொண்டு வர்றேன். அதை உரிக்க ஒரு முறை இருக்கு. பொறுத்துக்கோ."

"சரிக்கா" என்றான் பெங். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவள் தலை மறைந்ததும் தவழ்ந்தே மலையேறினான்.

"ஒரு பக்கம் எடுத்துக்கோப்பா. மறுபக்கம் வழியாத்தான் எனக்குச் சோறு தண்ணி" என்றது மரம்.

பெங் காதில் வாங்கவில்லை. தண்டைச் சுற்றி ஒரு இடம் விடாமல் உரித்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால், அதில் கால்வாசிகூடப் பானைக்குள் போகவில்லை.

கஷாயம் வேலை செய்தது. மறுநாள் நிமிர்ந்து நடந்தான். நன்றி சொல்ல மலையேறியவன் அப்படியே நின்றுவிட்டான். மரத்தின் இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. கூப்பிட்டான், பதில் இல்லை. ஓடிப்போய், மிச்சமிருந்த பட்டையோடு சுன்லானையும் அழைத்து வந்தான்.

"உன் முதுகை நிமிர்த்த ஒரு உயிரைச் சாய்ச்சுட்டியே, பாவி!" என்றாள் அவள். பிறகு, ஈரம் காயாத பட்டைகளைத் தண்டில் பொருத்தினாள். "இதுவும் முறிவுதான். கட்டிப் பார்ப்போம். சணல் கயிறு அறுக்கும். மெத்துனு ஏதாவது வேணும்."

பெங்கின் இடுப்பில் பட்டுக் கச்சை இருந்தது. முதுகு மறுபடி பிடிக்காமலிருக்க மனைவி இறுக்கிக் கட்டிவிட்டது. அதே நேரம் கீழே படகு வந்துவிட்டது.

"டேய் பெங்! வர்றியா, இல்லையா?" என்று படகுக்காரர் குரல் கொடுத்தார்.

கச்சை இல்லாமல் கயிறு இழுத்தால் முதுகு போய்விடும் என்று தெரிந்துதான் பெங் அதை அவிழ்த்து, மரத்தில் கட்டச் சொல்லிச் சுன்லானிடம் நீட்டினான். "வேற ஆளைப் பாருங்க அண்ணே!" என்று கத்தினான்.

வேலை போனது. குளிர்காலம் முழுக்கக் கூடை முடைந்து கஞ்சி குடித்தார்கள். இப்போதுதான் நீ வீட்டில் இருக்கிறாய், கஞ்சியே ருசிக்கிறது என்றாள் மனைவி. பொய்யாக இருந்தாலும் நல்ல பொய்.

வசந்தத்தில் மரம் துளிர்த்தது. கட்டை அவிழ்க்கப் போன சுன்லான் கச்சையைத் தேடினாள். காணோம்.

"தேடாதம்மா, உள்ளே இழுத்துக்கிட்டேன். திருப்பிக் கொடுக்க மனசில்லை" என்றது மரம்.

அன்று முதல்தான் டூசோங் பட்டையை எங்கே ஒடித்தாலும் வெள்ளைப் பட்டிழைகள் இரண்டு துண்டையும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. உரிக்கப் போகிறவர்களும், முதுகு எவ்வளவு வலித்தாலும், ஒரு பக்கத்தை மரத்துக்கு விட்டுவிட்டே வருகிறார்கள்.