கள்ளியின் முதல் மொட்டு

அன்று காலை கைலாசம் ஆசிரம முற்றத்தில் ஓடினார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்று, குரு உமையாளிடம் சீடராகச் சேர்ந்தவர். குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

சமையற்கட்டில் இருந்தவர்களைக்கூடக் கைலாசம் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். ஒன்பது வருடமாக அவர் வளர்த்த தூண் கள்ளி ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நின்றது. உச்சிக்குச் சற்றுக் கீழே, விரல் நீளத்தில் ஒரு மொட்டு.

உமையாள் வந்தார். மொட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குனிந்து, கள்ளியின் அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே இறங்கியது. பழுப்பு நீர் கசிந்தது.

"அழுகல். மேலே ஏறுது" என்றார். கத்தி கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு நாள் பொறுக்கலாம், பூத்ததும் வெட்டலாம் என்று கைலாசம் கெஞ்சினார். அதற்குள் அழுகல் உச்சிவரை போய்விடும் என்றார் குரு.

"வெட்டினா பூக்குமா, அம்மா?"

"தெரியாது."

கத்தியைக் கழுவிக் கைலாசத்தின் கையிலேயே கொடுத்தார்.

கைலாசம் வெட்டினார். நடுவில் பழுப்பு. இன்னும் ஒரு சாண் மேலே வெட்டினார். அங்கேயும் பழுப்பு, மிளகளவு. மூன்றாவது வெட்டில்தான் சுத்தமான பச்சை தெரிந்தது. மிஞ்சியது இடுப்பளவுத் துண்டு. மொட்டு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உடனே நட்டுவிடத் துடித்தார். வெட்டிய இடம் காய வேண்டும், அதுவரை மண்ணும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம் என்று குரு தடுத்துவிட்டார். துண்டைத் தாழ்வாரத்து நிழலில் சாக்கு விரித்துக் கிடத்தினார்கள். கைலாசம் சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே கொண்டுபோனார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மொட்டைப் பார்த்தார். அது உதிரவில்லை. அடுத்த நாள் சற்றுப் பருத்ததுபோல் இருந்தது. கண்ணை நம்பாமல், முதல் நாள் அளந்து முடிச்சிட்டிருந்த நூலை வைத்துப் பார்த்தார். பருத்துத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், விளக்கேற்றும் நேரம். மொட்டின் நுனி பிரிந்தது. அவர் பார்த்தபடி இருக்க, இதழ் இதழாக விரிந்து, இரண்டு கை சேர்ந்த அகலத்துக்கு வெள்ளைவெளேரென்று பூத்தது. தாழ்வாரமெங்கும் மணம்.

செருப்பைக்கூடப் போடாமல் குருவின் அறைக்கு ஓடி, அவரை அழைத்துவந்தார்.

"வேர் இல்லை, மண் இல்லை, மூணு நாளா ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. எப்படிம்மா பூத்தது? எங்கிருந்து வந்தது இது?"

உமையாள் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"விடிஞ்சா பூ வாடிடும், ஐயா. கேள்வி வாடாது. நாளைக்குக் கேளுங்க."