அரசர் இலையில் எவ்வளவு இரும்பு?

வேங்கைநாட்டு மன்னர் செம்மாறனுக்கு மூச்சு வாங்கியது. எல்லாம் அதில்தான் தொடங்கியது. குன்றுமேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு முந்நூறு படி. முப்பதாவது படியிலேயே மன்னர் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் வந்த கீரைக்காரி பொன்னாத்தாள், தலையில் கூடையோடு, "கொஞ்சம் ஒதுங்குங்க சாமி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறிப் போனாள். மன்னருக்குப் பொறுக்குமா?

மறுநாள் சபையில் கேட்டார். "அவளுக்கு இருக்கும் தெம்பு எனக்கு ஏன் இல்லை?"

அரண்மனை வைத்தியர் நாகலிங்கப் பண்டிதர் தாடியைத் தடவினார். "சோற்றிலும் கறியிலும் உப்பு, சுண்ணாம்பு, இரும்பு என்று மண்ணின் சத்துகள் உண்டு பிரபு. ஊராருக்கு அது எவ்வளவு கிடைக்கிறது, தங்களுக்கு எவ்வளவு என்று அளந்தால் தெரிந்துவிடும். அளப்பதற்குத்தான் நம் வெள்ளியம்பலம் இருக்கிறாரே!"

வெள்ளியம்பலம் அந்தச் சபையின் குறும்புக்காரர். பண்டிதரின் கஷாயத்தைக் குடித்த கழுதை கத்துவதையே விட்டுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். பண்டிதர் அதை மறப்பாரா?

"எட்டு நாளில் அளந்து காட்டு" என்றார் மன்னர்.

"முடியாவிட்டால் ஒரு வருஷம் என் கஷாயங்களை எல்லாம் முதலில் இவர் குடித்துப் பார்க்கட்டும்" என்றார் பண்டிதர், தேனாக.

மன்னர் தலையாட்டிவிட்டார்.

வெள்ளியம்பலம் ஓலையும் எழுத்தாணியுமாகத் தெருவில் இறங்கினார். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" ஊராருக்கு ஒரே பயம். அரண்மனை ஆள் வந்து சாப்பாட்டை விசாரித்தால் புது வரி வரப்போகிறது என்றுதானே அர்த்தம்!

"வெறும் கஞ்சிதாங்க எசமான்."

மீன்குழம்பு வாசனை மூக்கைத் துளைக்கும் வீட்டிலும் கஞ்சிதான். கல்யாண வீட்டிலும் கஞ்சிதான். நான்கு நாள் போனது. ஓலைக் கணக்குப்படி ஊரே எலும்பும் தோலுமாகக் கிடக்க வேண்டும். வெள்ளியம்பலம் அரண்டு போனார். நாக்கில் கஷாயம் கசக்கத் தொடங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் ஒரு வீட்டில், கையில் கரண்டியோடு ஓர் அம்மாள் வந்தாள். "நாங்க கஞ்சிதாங்க. ஆனா அடுத்த வீட்டுக்காரி இருக்காளே, தினம் முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி, கருவாடு! ஒரு வாய் இந்தாடின்னு நீட்டுவாளா?"

வெள்ளியம்பலம் துள்ளிக் குதித்தார். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் அந்த வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டைப் பற்றி மட்டும் கேட்டார். அடேயப்பா! எழுதி எழுதிக் கை ஓய்ந்தது, ஓலை தீர்ந்தது.

எட்டாம் நாள் அரண்மனை முற்றத்தில் இரண்டு இலை போட்டார். ஒன்றில் பொன்னாத்தாளின் ஒருநாள் சாப்பாடு, மற்றொன்றில் மன்னரின் ஒருநாள் சாப்பாடு, அச்சு அசலாகச் சமைத்து வைத்தார். இரண்டையும் தனித்தனிச் சட்டியில் போட்டு, பண்டிதர் பஸ்பம் செய்யும் அடுப்பிலேயே ஏற்றினார்.

"எரிவது தீயோடு போய்விடும் பிரபு. எரியாமல் சாம்பலாக மிஞ்சுவதுதான் மண்ணிலிருந்து வந்த சத்து."

மன்னரின் சட்டி நெய்யில் குபுகுபுவென்று எரிந்தது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. கடைசியில் பொற்கொல்லரின் தராசில் வைத்தபோது பொன்னாத்தாளின் தட்டு தரையைத் தொட்டது. மன்னரின் தட்டில் ஒரு சிட்டிகை. அதுவும் பண்டிதர் தும்மியதில் பாதி பறந்துவிட்டது.

"மோசடி!" என்று குதித்தார் பண்டிதர். "பிரபுவுக்குத் தினம் இரண்டு வகைக் கீரை. மடைப்பள்ளி ஏட்டிலேயே இருக்கிறது!"

"ஆமாம், கீரைதான்" என்றார் மன்னர், எங்கோ பார்த்தபடி.

"ஏட்டை நான் பார்க்கவில்லை பிரபு. பக்கத்து வீட்டில் கேட்டேன்."

"அரண்மனைக்கு ஏதடா பக்கத்து வீடு?" என்றார் மன்னர். " சுற்றிலும் அகழி!"

"அகழிக்கு அப்பால், எல்லைக்கு அப்பால் நாவல்நாடு இருக்கிறதே! அவர்கள் தூதர் இங்கேதானே தங்கியிருக்கிறார். 'எங்கள் மன்னர் என்ன சாப்பிடுகிறார் என்றுகூட உமக்குத் தெரியாதாமே' என்றேன். ரோஷம் வந்துவிட்டது. தம் அரசருக்கு எழுதிய ஓலையையே எடுத்து நீட்டிவிட்டார்."

வெள்ளியம்பலம் ஓலையைப் பிரித்துப் படித்தார். "'காலையில் நெய்ச்சோறு. உச்சிவேளையில் அல்வா. மாலையில் மறுபடியும் அல்வா. கீரை வந்தால் ஜன்னல் வழியாக மானுக்கு.'"

சபையே வாயைப் பொத்திக்கொண்டது. மன்னரின் காது சிவந்தது. "சரி சரி, முடிவில் என்ன எழுதியிருக்கிறான்?"

"சொல்லலாமா பிரபு?"

"சொல்லித் தொலை!"

"'ஆகவே படையெடுப்பு தேவையில்லை. இவர் இன்னும் ஆறு மாதம் இப்படியே சாப்பிட்டால் போதும்.'"

மன்னர் ஓலையை வாங்கித் தாமே ஒருமுறை படித்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெள்ளியம்பலத்துக்குப் போட்டார். கஷாயத்தை இனிமேல் பண்டிதரே முதலில் குடித்துக் காட்டட்டும் என்று உத்தரவு போட்டார். பண்டிதருக்கு அப்போதே வாய் கோணியது.

"நாளையிலிருந்து என் இலையிலும் முருங்கைக்கீரையும் களியும்" என்றவர், குனிந்து வெள்ளியம்பலத்தின் காதில் சொன்னார்: "தூதரிடம் மட்டும் மூச்சு விடாதே. அவன் அல்வா அல்வா என்றே எழுதிக்கொண்டிருக்கட்டும்!"