கூப்பிடு பாறைக்கு ரோடு வந்த கதை

நாளைக்குப் போறத நாளைக்குப் பாத்துக்கலாம் தேனு. பாவாடைய மடிச்சு வச்சாச்சு, எலி ஒண்ணும் தூக்கிட்டுப் போகாது. காலை என் மேல போடாத, நேராப் படு. கதை வேணும்னா ம் சொல்லிக்கிட்டே வரணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு மலையில ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. ஊருன்னா பெரிய பட்டணம் இல்ல, பதினெட்டு வீடு, நாலு நாயி, கூரையில்லாத ஒரு கோயிலு. அக்காளுக்கும் தங்கச்சிக்கும் ஒரே சீப்பு, ஒரே கம்பளி. அக்கா பொறுமைசாலி. தங்கச்சிக்கு வாயி நீளம், எதுலயும் முன்னால போயி நிப்பா. அப்புறம் அக்காளுக்குக் கல்யாணம் ஆச்சு. கட்டுனவன் கீழ்நாட்டுக்கு வேலைக்குப் போறேன்னு போனான், போனவன் போனவன்தான். அப்புறம் ஒரு பாப்பா பொறந்துச்சு. பொறந்த மூணாம் நாளு அக்காளுக்குக் காய்ச்சல். உடம்பு அடுப்பாட்டம் கொதிக்குது.

"ம்."

ஆஸ்பத்திரி கீழ இருக்கு, ஏழு மைலு. ரோடு கிடையாது. அப்போ அந்தக் கம்பளிய மூங்கில்ல கட்டித் தொட்டிலாக்கி, அக்காள அதுல போட்டு, நாலு பேரு தூக்கிட்டு இறங்குனாங்க. தடக் தடக், தடக் தடக். பாறை வழுக்குது, மழை வேற சளசளன்னு ஊத்துது. பாதி வழியில அவ போயிட்டா. அதுக்கு மேல அவசரம் எதுக்கு, அப்படியே திருப்பித் தூக்கிட்டு வந்தாங்க.

"செத்துட்டாங்களா?"

செத்துட்டா. கதையில மறைச்சு என்ன ஆகப் போகுது.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். செத்தவங்க பேர வீட்டுக்குள்ள யாரும் சொல்லக்கூடாது. வருசத்துல ஒரே ஒரு நாளு, காணும் பொங்கலன்னிக்கு, ஊரே வாயைத் தொறக்காம கூப்பிடு பாறைக்கு நடக்கும். பாறை மேல நின்னு, பள்ளத்தப் பாத்து, அவங்கவங்க செத்தவங்களப் பேர் சொல்லி ஒரே ஒரு தடவ கூப்பிடணும். எதுத்த மலை அத மூணு தடவ திருப்பிச் சொல்லும். மொதல்ல பெருசா, அப்புறம் சின்னதா, அப்புறம் காத்தாட்டம். அந்த மூணாவதுதான் செத்தவங்க குடுக்குற பதிலு. அதைக் கேட்டுட்டு வாய மூடிட்டு வீட்டுக்கு வந்துரணும். தாயில்லாத புள்ளைக்கு ஏழு வயசானா அதையும் கூட்டிட்டுப் போவாங்க. பெத்தவ பேர அந்தப் புள்ள மொத மொத மலை சொல்லித்தான் கேக்கணும்.

"அந்தப் பாப்பா நானா சித்தி?"

கதையில வர்ற பாப்பா. நீ ம் மட்டும் சொல்லு.

"ம்."

அப்புறம் அந்த மலைய சரணாலயம்னு சொன்னாங்க. காட்டுமாடு இருக்கு, மான் இருக்கு, ஆளுங்க வந்து பாக்கணும்னாங்க. தொப்பி போட்ட ஆபீசர் ஒருத்தர் வந்தாரு. தங்கச்சி விடுவாளா, நேராப் போயி நின்னா.

"எங்க ஊருக்கு ரோடு வேணும் சார்."

"பாக்க ஒரு இடம் இருந்தா ரோடு வரும்மா. ஒண்ணுமில்லாத மலைக்கு யாரு போடுவா?"

"பதினெட்டு வீடு இருக்கே சார்."

"வீட்டப் பாக்கவா வருவாங்க?"

அவளுக்குக் கண்ணுல அந்தக் கம்பளித் தொட்டிலுதான் ஆடுது. இன்னொருத்தி அதுல போகக்கூடாது. அதனால, சரி வாங்க, இடந்தான காட்டுறேன்னு கூட்டிட்டுப் போனா.

மொதல்ல அருவி. சோ...ன்னு விழுது. அவரு கைய நீட்டிப் பாத்தாரு. "குத்தாலத்துல குளிச்சவனுக்கு இது குழாய்த் தண்ணிம்மா"ன்னாரு.

"ம்."

ரெண்டாவது, காட்டுமாடு தண்ணி குடிக்க வர்ற புல்லுமேடு. சரசரன்னு புல்லுக்குள்ள ஊந்து போயி, மூச்ச அடக்கி உக்காந்தாங்க. மாடு வரல. அட்டைதான் வந்துச்சு. அவரு பூட்சுக்குள்ள பூந்து நல்லா விருந்து சாப்பிட்டுச்சு. எனக்கு அந்த அட்டை மேல இன்னிக்கும் ஒரு பிரியம்.

"ஹி."

சிரிச்சா தூக்கம் போயிரும். அப்புறம் அவரு கால உதறிட்டு, "கிளம்புறேம்மா, இங்க ஒண்ணும் தேறாது"ன்னாரு. அப்போ தங்கச்சி ஒரு நிமிசம் நின்னா. அந்த ஒரு நிமிசம் அவ நாக்குல முள்ளு குத்தியிருக்கக்கூடாதா. "இன்னும் ஒரு இடம் இருக்கு சார்"னுட்டா.

மூணாவது, கூப்பிடு பாறை. பேரு எதுவும் சொல்லாம, ஓ...ன்னு மட்டும் கூப்பிட்டுக் காட்டுனா. ஓ... ஓ... ஓ... மூணு. அவரு மொகம் அப்படியே மலர்ந்துபோச்சு. தன் பேரையே கத்திப் பாத்தாரு. உசுரோட இருக்குறவன் பேர அங்க யாரும் கூப்பிட மாட்டாங்க, அது சாவுக்கு ஆளனுப்புறாப்ல. அவ தடுக்கல.

"இங்க யாரும் வருவாங்களாம்மா? கோயிலு, சாமி ஏதும் இருக்கா?"ன்னு நல்ல மனுசனாத்தான் கேட்டாரு. ஆமான்னா ரோடு கைவிட்டுப் போயிரும். "இல்ல சார், சும்மா மாடு மேய்க்க வருவோம்"னு சொல்லிட்டா. அவ சொன்ன பொய்யி அது ஒண்ணுதான். ஒண்ணு போதாதா.

"ம்."

அப்புறம் கடகடன்னு மண்ணுவண்டி வந்துச்சு. ரோடு வந்துச்சு. எதுவரைக்கும் வந்துச்சு தெரியுமா? பாறை வரைக்கும். அங்கயே வண்டி திருப்ப இடம், இரும்புக் கம்பி வேலி, மக்காச்சோளம் சுடுற கடை. அங்கிருந்து ஊருக்கு ரெண்டு மைலு, அது பழைய ஒத்தையடிப் பாதையேதான். அஞ்சு மைலு கொறஞ்சுச்சே, அதையும் சொல்லணும். ஊர்ப் பெரியவரு மூப்பரு, அவரு பேரனப் பாம்பு கடிச்சப்போ அந்த ரோடுதான் காப்பாத்துச்சு. நான் இல்லேங்கல. அப்புறம் ஒரு போர்டு வச்சாங்க. "எக்கோ பாயிண்ட். சத்தமிட்டு மகிழுங்கள்." பச்சை எழுத்து, பக்கத்துல சிரிக்கிற குரங்கு.

போன காணும் பொங்கலுக்கு ஊரே வழக்கம்போல நடந்து போச்சு. போனா, வேன் மேல வேன். கீழ்நாட்டு ஜனத்துக்கும் அன்னிக்குத்தானே சுத்திப் பாக்குற நாளு. புளியோதரைப் பொட்டலம், விசிலு, பீப்பீ. கம்பி வேலிகிட்ட நின்ன காவக்காரன், "வரிசையில வாங்க, வரிசையில வாங்க"ங்கிறான். மூப்பரு, எம்பது வயசு, தன் பொஞ்சாதியக் கூப்பிட வந்தவரு, வரிசையில நின்னாரு. நின்னு நின்னு பாத்துட்டு, கூப்பிடாமலே திரும்பிட்டாரு. அவரு பின்னாலயே எல்லாரும். தங்கச்சி மட்டும் நின்னா. வாயி நீளமாச்சே.

"ம்."

அவ முறை வந்துச்சு. அக்காளக் கூப்பிட்டா. பேரு என்னன்னு நான் இப்பச் சொல்ல மாட்டேன். மலை ஒரு தடவ சொல்லுச்சு, பெருசா. ரெண்டாவது சொல்லுச்சு, சின்னதா. மூணாவதுக்கு அவ காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறா, அப்போ பக்கத்துல ஒருத்தன், "பேரு செமையா இருக்குடா"ன்னுட்டு அதையே கத்துனான். அப்புறம் அவன் கூட்டாளி. அப்புறம் ஒரு வேனே. புள்ளைங்க, பொம்பளைங்க, விசிலோட, தாளத்தோட. மலை பூரா அக்கா பேருதான், லொட லொடன்னு கொட்டுது. ஒரு சின்னப் பொண்ணு "யாரும்மா அது"ன்னு கேக்குது. "யாராவது நடிகையா இருக்கும்"ங்கிறா அவ அம்மா.

அவங்க மேல என்ன தப்பு? போர்டுல இருக்குறதச் செஞ்சாங்க. செத்தவள ஒரு தடவதான் கூப்பிடணும். இருநூறு தடவ கூப்பிட்டா அவ எந்தப் பக்கம் திரும்புவா தேனு? பதிலு வந்துச்சோ என்னவோ, அந்த இரைச்சல்ல எது அவ பதிலுன்னு தெரியல. பாறையக் காட்டிக் குடுத்தவளுக்கு அது வேணும். ஆனா பாப்பா என்ன பாவம் பண்ணுச்சு.

"எனக்குத்தான் ஏழு வயசாச்சே, அப்ப நாளைக்குக் காணும் பொங்கலுக்கு நம்ம போகலியா?"

போகல. இந்த வருசம் வேன் இன்னும் கூடுதலாம்.

"எங்கம்மா பேரு?"

அழாத. பாவாடைய நாளைக்கு வீட்லயே போட்டுக்கலாம். இரு, இந்தக் கம்பளிய இழுத்துப் போத்திக்க. கிட்ட வா. வீட்டுக்குள்ள சொல்லக்கூடாதுதான், வெளிய சொல்லத்தான் இடமில்லாம நானே பண்ணிட்டேனே. கண்ண மூடிக்க, கண்ண மூடுனாதான் கதை முடியும். ஒரே ஒரு தடவதான் சொல்லுவேன். நான் சொன்னதும் நீ திருப்பிச் சொல்லணும். பெருசா வேணாம், காத்தாட்டம், எனக்குக் கேட்டாப் போதும்.

காதக் கொண்டா.

சொல்லிட்டேன். கேட்டுச்சா?

திருப்பிச் சொல்லு தேனு.

ம் சொல்லு. ம்?

தேனு?

தூங்கிருச்சு. சரி. கூப்பிட்டாச்சு, கம்பளி போத்தியாச்சு, கதையும் மலைய விட்டு இறங்கியாச்சு. தூங்கு.